அப்பா உரித்த பலா
பலாப்பழம் உரிப்பதை யாரும் கைவேலை என்று சொல்வதில்லை. அப்பா உரித்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். கோடை வந்தால் பண்ருட்டிப் பழம் ஒன்று எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். டண்ணென்று கேட்டால், “இன்னும் ரெண்டு நாள் போகட்டும்”. தொப்பென்று அமுங்கிய ஓசை வந்தால் சாக்கை விரிப்பார். அரிவாளிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தடவி, நீளவாக்கில் பிளப்பார். கசியும் பாலைத் தேங்காய் நாரால் ஒற்றியெடுத்து, நடுத்தண்டைச் சீவிவிட்டு, தோலைப் பின்பக்கமாக மடக்குவார். முள்தோல் நெரிபட, சுளைகள் தாமாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் விரல் கொடுத்து, சடை ஒட்டாமல் கழற்றுவார். நாங்கள் இழுத்தால் பிய்ந்துபோகும். தெரு முழுக்க மணம் பரவி வாசலில் ஆள் கூடினாலும் அந்தக் கை அவசரப்பட்டதில்லை.

கூடியவர்கள் வெறுங்கையோடு போனதுமில்லை. தடித்த சுளைகள் முதலில் அக்கம்பக்கத்துக் கிண்ணங்களுக்கு. கீரைக்கார அம்மாவுக்கு வாழையிலையில் தனிப் பொட்டலம். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டையை எடுத்துவிட்டுத் தானே ஊட்டுவார். பிய்ந்த சுளைகள்தான் அவருக்கு. அதையும் ரசித்தே தின்பார். இப்போது கடையில் டப்பாவில் சுளை கிடைக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. இருந்தாலும், அவர் இல்லாத இந்தக் கோடையிலும் முழுப் பழம்தான் வேண்டும் என்றாள் அம்மா. நான் உரித்தேன். எந்தெந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் அவள் சொன்னாள். கொட்டைகள் மறுநாள் முருங்கைக்காய் சாம்பாருக்குப் போயின.