முகர்னஸ்: சொல்லும் பொருளும்

மஸ்ஜிதுகளின் நுழைவாயில் வளைவுக்குள்ளும் குப்பாவின் உட்புறத்திலும் அடுக்கடுக்காக முன்தள்ளி நிற்கும் சிறு குழிவுகளைத் ‘தேன்கூட்டு வேலைப்பாடு’ என்றெழுதிக் கடந்துவிடுவோர் நம்மிடையே உண்டு. மேலைநாட்டாரோ குகைக் கூரைகளில் நீர் சொட்டி இறுகித் தொங்கும் சுண்ணக் கற்களின் பெயரையே அதற்குச் சூட்டினர். இரண்டும் கண்ட மாத்திரத்தில் எழுந்த உவமைகள். தேனீயும் குகையும் எவருடைய திட்டமுமின்றி உருவாக்குவனவற்றோடு, அளந்து அமைக்கப்பட்ட ஒன்றை இவ்வுவமைகள் சேர்த்துவிடுகின்றன. ‘முகர்னஸ்’ என்னும் சொல்லையே நாம் ஆள வேண்டும் என்போம்.

அச்சொல்லின் பிறப்பில் கருத்து வேற்றுமை உண்டு. கட்டடத்தின் விளிம்பைக் குறித்த ‘கொரோனிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம் என்பர் சிலர். இரவல் என்பதற்காக நாம் இதை மறுக்கவில்லை. திருக்குர்ஆனில் (6:7) வரும் ‘கிர்தாஸ்’ என்பதற்கும் கிரேக்க மூலம் கூறுவர். ஆனால் ஒலி ஒப்புமை மட்டும் போதுமா? மலையிலிருந்து மூக்குப்போல் முன்தள்ளி நிற்கும் பாறையை அரபு அகராதிகள் ‘குர்னாஸ்’ என்கின்றன. பொருளளவில் இதுவே நெருக்கமாகத் தோன்றுகிறது. மேலும், மக்ரிபில் ‘முகர்பஸ்’ எனவும் இச்சொல் வழங்குவதை கிரேக்க மூலம் மட்டும் விளக்கிவிடாது.

எனினும் சொல்லின் பொருளை அறியச் செல்ல வேண்டிய இடம் அகராதியன்று, கணித நூல். ஜம்ஷீத் அல்காஷீ ஹிஜ்ரி 830இல் (கி.பி. 1427) சமர்கந்தில் நிறைவுசெய்த ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ முகர்னஸைப் படிக்கட்டுப்போல் ஏறும் கூரையமைப்பாகக் கொள்கிறது. அதன் முகங்கள் செங்கோணத்திலோ, அரைச் செங்கோணத்திலோ, அவற்றின் கூட்டுக் கோணங்களிலோ சந்திக்கும். எளியது, மண் பூச்சுடையது, வளைந்தது, ஷீராஸி என நால்வகை கூறும் ஆசிரியர், வளைபரப்பை எளிய வகைக்கு உரியதாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே வளைவு முகர்னஸின் இலக்கணமன்று. படிமுறை ஏற்றமே இலக்கணம். வளைந்த வகைக்கும், அடிப்படை அளவை அகலமாகவும் அதன் இருமடங்கை நீளமாகவும் கொண்ட செவ்வகத்திலிருந்து கொத்தர்கள் வளைவை வரையும் முறையை அவர் தருகிறார். பரப்பளவைக் கணிப்பதே அவர் நோக்கம். பூச்சுக்கான பொருளை மதிப்பிட வேறு வழியேது?

ஈரானின் தக்தே சுலைமானில் கிடைத்த, 1270களைச் சேர்ந்த சுதைப் பலகை ஏறத்தாழ 50 செ.மீ. சதுரமுடையது. முகர்னஸ் ஒன்றின் தரைப்படம் அதில் கீறப்பட்டுள்ளது. சதுரங்களும் சாய்சதுரங்களுமான அத்தட்டைக் கோடுகளில் தேன்கூட்டின் சாயலே இல்லை! கொத்தர் அதைப் பார்த்தே உயரத்தைக் கட்டினார். கிரானடா அல்ஹம்ராவின் ‘இரு சகோதரியர் மண்டபத்து’ மேற்கூரையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்திருப்பதும் இத்தகைய ஒழுங்கினாலேயே.

ஸாமர்ராவுக்கு அருகே 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இமாம் தூர் அடக்கத்தலம், இன்று அறியப்படும் மிகப் பழைய முகர்னஸ் குப்பாக்களுள் ஒன்றைத் தாங்கியிருந்தது. 2014இல் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதை மீண்டும் எழுப்ப எவரேனும் முனைந்தால் அவருக்கு வேண்டியவை தரைப்படமும் அடுக்குகளின் அளவுமே. உவமையைக் கொண்டு ஒரு படியைக்கூட அமைக்க இயலாது.