ஜனவரி ஆக்ராவுக்கு கூகுள் மேப்ஸ் போதுமா?

அலுவலகக் கூட்டம், உறவினர் திருமணம் என்று டெல்லிக்குப் போகிறவர்களுக்கு ஊர் சுற்ற மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் ஆக்ராவைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது நியாயமான ஆசைதான். ரயிலில் 188 கிலோமீட்டர், அவ்வளவே. முன்பின் தெரியாத ஊர் என்பதால் கை முதலில் போவது கூகுள் மேப்ஸுக்கு. அந்தச் செயலியை இங்கே ஒரே ஒரு வேலையை வைத்து எடைபோடுகிறேன்: ஜனவரியில், பழக்கமில்லாத ஊருக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் ஒரு நாளை அது சரியாக அமைத்துத் தருமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் அதைவிட நன்றாகப் பதில் சொல்லும் கருவி சாதாரண ஆள் கையில் வேறெதுவும் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. வட இந்தியக் குளிர்கால நாளை ஆளுவது வெளிச்சம். செயலி கணக்கிடுவதோ தூரத்தையும் நெரிசலையும்.

தாஜ் மகாலையே எடுத்துக்கொள்வோம். செயலியில் அதன் பக்கத்தைத் திறந்து கீழே நகர்த்தினால், எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று காட்டும் நீலக் கம்பிகள் வரும். விடியற்காலைக் கம்பிகள் குட்டையாக இருந்தால் அந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று பொருள். பயண வழிகாட்டிகளும் அதிகாலையில் போகச் சொல்வதால் இது மறுபேச்சில்லாத யோசனையாகத் தோன்றும். ஆனால் ஜனவரி விடியல் வேறு மாதிரி. மேகமில்லாத, காற்றசையாத இரவில் நிலம் வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று துளித்துளியாகி, கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி படிகிறது. மேற்கிலிருந்து வரும் மழைச்சுழற்சிகளும் பாசன வயல்களும் அதற்கு ஈரம் தருகின்றன. பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் இந்திய வானிலைத் துறை அதை அடர்த்தியான மூடுபனி என்கிறது, 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்த்தியானது என்கிறது. தாஜின் பெரிய வாயிலுக்கும் கல்லறை மாளிகைக்கும் நடுவே உள்ள தோட்டத்தின் நீளம் சுமார் 300 மீட்டர். கணக்கு நேரடியானது: அடர்ந்த மூடுபனி நாளில் வாயிலில் நின்று பார்ப்பவருக்கு மாளிகையே தெரியாது, வெள்ளைச் சுவர் மாதிரி பனிதான் தெரியும். செயலி சொன்னபடி கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். பார்க்க வந்த பொருளும் கண்ணில் படாது.

வெயில் ஏறிய பிறகுதான் பனி கலைகிறது, பல நாட்களில் அதற்கு உச்சிப்பொழுது நெருங்கிவிடும். ஆகவே ஜனவரியில் தாஜைப் பிற்பகலுக்குத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம், நெரிசல் கம்பி எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. காலைப் பொழுதுக்கு ஆக்ரா கோட்டை பொருத்தம். சிவப்புக் கல் சுவர்களுக்குள்ளே, ஜஹாங்கீர் மகாலின் செதுக்கு வேலைகளைக் கை எட்டும் தூரத்தில் நின்று பார்ப்பதற்குப் பனி தடையில்லை. இன்னொரு வசதியும் உண்டு: கோட்டையின் யமுனைப் பக்கத்து மாடங்களிலிருந்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி தாஜ் தெரியும். அங்கிருந்து குவிமாடம் தெளிவாகத் தெரிந்தால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. இவ்வளவு துல்லியமான தகவலை எந்த வானிலைச் செயலியும் அன்றைக்குத் தந்துவிடாது.

இப்போது நாளை அளந்து பார்க்கலாம். ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை 8:10க்குக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் 9:50க்கு ஆக்ரா கண்டோன்மென்ட் சேர்கிறது. மாலை 5:50க்கு அங்கிருந்து திரும்புகிறது. 2016 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தால் பேசப்பட்ட ரயில் இது. கையில் எட்டு மணி நேரம் இருப்பது போலத் தெரியும். ஜனவரித் தொடக்கத்தில் ஆக்ராவில் சூரியன் மறைவது ஏறத்தாழ 5:35க்கு. தாஜை மூடுவது சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால். ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தையும் கழித்தால், நாலரை மணிக்கு வெளியே வந்தாக வேண்டும். தாஜ் நுழைவுச்சீட்டு மூன்று மணி நேரத்துக்கே செல்லும் என்பதால் உள்ளே போவது ஒன்றரை மணி. அதற்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை வரிசை, அதற்கு முன்னால் மதியச் சாப்பாடு, அதற்கும் முன்னால் கோட்டை. இப்படிப் பின்னாலிருந்து எண்ணி வந்தால் நாள் நிறைந்துவிடுகிறது. கூகுள் மேப்ஸ் முன்னாலிருந்து எண்ணுகிறது. நிறுத்தங்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் வண்டி ஓடும் நேரத்தை மட்டும் கூட்டி ஒரு மொத்தத்தைக் காட்டும். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்று சொல்ல அதில் வழியே இல்லை. அதனால்தான் சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஃபதேபூர் சிக்ரியையும் பட்டியலில் சேர்க்கும் ஆசை வருகிறது. திரையில் அது இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று தோன்றும். சேர்த்தால் தாஜுக்கு மிச்சமாவது அவசர அவசரமான ஒரு சுற்று. சிக்ரி அரை நாளையாவது கேட்கும் இடம், அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

செயலியின் பக்கம் நின்று வாதாடுகிறவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. தன் நேர மதிப்பீடுகள் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பயணங்களில் சரியாக இருப்பதாக 2020இல் கூகுள் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் சாலையில் இறங்கிவிட்டவருக்கானது: அந்த நேரத்துப் போக்குவரத்தும் பழைய பதிவுகளும் சேர்ந்து தரும் மதிப்பீடு. நாளைக் காலைக்கென்று இன்றிரவு கேட்டால் பழைய பதிவு மட்டும்தான் பேச முடியும், அதனால்தான் அப்போது ஒரே எண்ணைச் சொல்லாமல் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று விரித்துச் சொல்கிறது. 2024இல் இந்தியாவுக்கென்று மூடுபனி எச்சரிக்கையையும் சேர்த்தார்கள்; பார்வை மங்கிய சாலையை ஓட்டுநர்கள் குறித்தால் மற்றவர்களுக்கும் தெரியும். உயிர் காக்கும் வசதி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது நடப்பைச் சொல்கிறது, வரப்போவதைச் சொல்வதில்லை. போகிற வழியில் செயலி தன்னைத் திருத்திக்கொள்ளுமே என்று கேட்கலாம். திருத்திக்கொள்ளும், தாமதமாகிவிட்டது என்று நேர்மையாகச் சொல்லும். தாமதத்துக்காக வாயிற்கதவு கூடுதலாக அரை மணி திறந்திருக்காது.

சிறிய விஷயங்களில் செயலி நன்றாகவே உதவுகிறது. வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும் என்பதை அது காட்டுகிறது. கதிமானும் அன்று ஓடுவதில்லை, ஆகவே அந்த ஒரு தவறு நேர வாய்ப்பில்லை. ஆனால் திறக்கும் நேரத்துக்கான கட்டத்தில் கடிகார மணியைத்தான் இட முடியும், தாஜின் விதியோ சூரியனைப் பின்பற்றுகிறது. அதனால் மாலை நேரத்தை அங்கிருந்து எடுக்காமல் அன்றைய சூரிய அஸ்தமனத்திலிருந்து அரை மணி கழித்துக்கொள்ளுங்கள். தாஜ் மகால் என்று மட்டும் தட்டினால் ஊசி மாளிகை மீது குத்தி நிற்கும். பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அதன் அருகே அனுமதி இல்லை. கிழக்கு வாயிலுக்குப் போக ஷில்ப்கிராம் வண்டி நிறுத்தத்தைத் தேடிக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பேட்டரி வண்டியில் போகலாம். 2024 மார்ச்சில் திறந்த ஆக்ரா மெட்ரோ தாஜ் கிழக்கு வாயிலையும் கோட்டையையும் இணைக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆட்டோ பேரம் பேசும் நேரம் மிச்சம். ஊர் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்திருந்தாலும் இணையம் இல்லாதபோது நடைவழி காட்டாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் தாமதத்துக்கு வேறு துணை தேவை. ‘வேர் இஸ் மை டிரெய்ன்’ செயலி கைபேசிக் கோபுரங்களை வைத்தே ரயில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும், ஓடும் பெட்டிக்குள் இணையம் வேண்டியதில்லை. 2018இல் கூகுளே அதை வாங்கிவிட்டது. திரும்பும் ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு வேகம் என்பதைவிட எங்கிருந்து கிளம்பி வருகிறது என்று பார்ப்பது முக்கியம். மூடுபனியில் ஒவ்வொரு பகுதியிலும் சேரும் தாமதத்தை வண்டி சுமந்துகொண்டே வருகிறது. ஜான்சியிலிருந்து வரும் கதிமானுக்குச் சுமை குறைவு. இரண்டு பகல், இரண்டு இரவு கடந்து வரும் ரயிலுக்கு அதிகம். தேர்ந்தெடுக்கும் ரயில் முந்தைய நாட்களில் எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுப்பது நல்லது.

கார் இருக்க ரயில் எதற்கு என்பவர்களுக்கு: கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச்சாலை கோடையில் அருமையான வழி. குளிர்காலத்தில் அங்கே வேக வரம்பைக் குறைக்கிறார்கள், பனிமூட்டத்தில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும் கொடிய விபத்துகள் நடந்திருக்கின்றன. செயலி அந்த வழியை முதலாவதாகக் காட்டினாலும், ஜனவரி விடியலிலும் இரவிலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கூகுளிடம் எதிர்பார்ப்பது இரண்டே வசதிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தங்கும் நேரத்தைக் குறிக்க ஓர் இடம், அந்த ஊரில் அன்றைக்கு வெளிச்சம் எப்போது முடிகிறது என்று பயண வரிசையின் மேலே ஒரு கோடு. சூரியன் மறையும் நேரம் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுவிடக்கூடியது, செயலிக்கு அது பெரிய வேலையே இல்லை. அது வரும்வரை, செயலியில் எடுத்த பயண நேரங்களை ஒரு தாளில் எழுதி, மாலை 5:50இலிருந்து மேல்நோக்கிக் கழித்து வாருங்கள்.