‘நாம்’ என்னும் சொல்லும் சூழல் பொறுப்பும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுச்சூழல் குறித்த தமிழ் எழுத்துகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பொறுப்பேற்க வேண்டியவராகப் பெரும்பாலும் சுட்டப்படுவது ‘நாம்’ ஆகும். தெருக்குப்பை முதல் காட்டழிவு வரை அனைத்திற்கும் இந்த ஒரு சொல்லே விடையாக அமைகிறது. இச்சொல் பொறுப்பை அனைவருக்கும் சமமாகப் பகிர்வதுபோல் தோன்றினாலும், நடைமுறையில் அச்சுமை வலுக்குறைந்தோர் மீதே இறங்குகிறது. தமிழகத்தின் நெகிழித் தடை, நீலகிரியின் காலிப் பாட்டில் திட்டம், காடு சார்ந்த சட்டங்கள் ஆகியவற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூழல் பொறுப்பு, நெகிழித் தடை, நீலகிரி, வன உரிமைச் சட்டம், வாச்சாத்தி, சூழலியல் திறனாய்வு.

முன்னுரை

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரையும் உட்படுத்துவது ‘நாம்’. கேட்போரை விலக்குவது ‘நாங்கள்’. சூழல் குறித்த உரைகள் முன்னதையே விரும்பித் தேர்கின்றன. குப்பையைப் போடுவதும் நாம், காட்டை அழித்ததும் நாம் என்பது இவ்வுரைகளின் பொதுவான தொனி. கேட்போரைக் குற்றவாளியாக்காமல் உடன் அழைத்துச் செல்லும் பணிவு இதில் உண்டு. ஆயினும் தெருவில் காகிதத்தை எறிந்தவரும், மலைச்சரிவில் மரம் வெட்ட முதலீடு செய்தவரும், அதற்கு ஒப்புதல் அளித்தவரும் ஒரே எழுவாய்க்குள் அடங்கிவிடுகின்றனர். எழுவாய் விரிய விரியப் பயனிலையின் கூர்மை மழுங்குகிறது.

பொறுப்பு என்பது வெறும் மனநிலை அன்று. கடமை யாருடையது, அது எதற்கான கடமை, தவறினால் யாரிடம் விடை சொல்ல வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும்போதே அது முழுமை பெறுகிறது. இம்மூன்றுமே இக்கட்டுரையின் அளவுகோல்கள்.

1. பழம்பெருமையும் பொறுப்பும்

தமிழ்ச் சூழலியல் ஆய்வுகள் பல, சங்கத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் கூற்றோடு தொடங்குகின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருளாகவும் அமைந்த திணைக்கோட்பாடு அதற்குச் சான்றாகிறது. மனித வாழ்வை நிலத்திலிருந்து பிரித்துப் பாராத இப்பார்வையின் ஆழம் மறுக்கவியலாதது.

எனினும் இலக்கியத்தின் அழகியல் கோட்பாட்டை அக்காலச் சமூகத்தின் நடத்தைக்கு நேர்ச்சான்றாகக் கொள்வது ஆய்வு நெறியாகாது. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளங்களை வெட்டியதையும் பட்டினப்பாலை புகழாகவே பாடுகிறது. காடு அழிதலைக் கேடாகக் கருதாத ஒரு நோக்கும் அதே இலக்கிய மரபில் உண்டு என்பதற்கு இதுவே போதுமான சான்று. இத்தகைய பகுதிகளை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் பெருமையுரையில் ‘நாம்’ இயல்பிலேயே நல்லவர் ஆகிவிடுகிறோம். கேடு அனைத்தும் வெளியிலிருந்து வந்ததாகிறது. பொறுப்பு குறித்த வினாவும் எழாமல் போகிறது.

2. கடைக்காரரின் பையும் ஆலையின் உறையும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாளும் குவளையும் கைப்பையும் அத்தடைக்குள் அடங்கின. ஆனால் தொழிற்சாலையிலேயே பொருள்களை அடைத்து முத்திரையிடப் பயன்படும் நெகிழி உறைகளுக்கு அவ்வாணை தொடக்கத்தில் விலக்களித்தது.

இதன் விளைவு மளிகைக் கடையில் வெளிப்படையாகத் தெரிந்தது. பொருளைப் போட்டுக் கொடுக்கும் பைக்காகக் கடைக்காரர் அபராதம் செலுத்த வேண்டியிருந்தது. அதே கடையின் வாசலில் சரமாகத் தொங்கிய தின்பண்ட உறைகளோ சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. சாக்கடையை அடைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு அவற்றைச் சந்தைக்கு அனுப்பியவரின் வலிமையில் இருந்தது. 2020இல் அவ்விலக்கு திரும்பப் பெறப்பட்டது. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்பனைக்குப் பிந்தைய கழிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்னும் கொள்கையைக் கொண்டுள்ளன. விதி இவ்வாறிருக்க, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் வேண்டுகோள் முதன்மையாக நுகர்வோரையே நோக்கியது. மஞ்சப்பை எடுத்துச் செல்வது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பையை மாற்றிக்கொள்வது எண்ணெய் உறையையும் பால் உறையையும் மாற்றுவதாகாது.

3. பத்து ரூபாயும் காலிப் பாட்டிலும்

குப்பை நகர்ப்புறச் சிக்கல், காடு வனத்துறைச் சிக்கல் என்னும் பாகுபாட்டை நீலகிரி மாவட்டம் பொய்யாக்குகிறது. அங்குச் சாலையோரம் எறியப்படும் பொருள் காட்டுக்குள்ளேயே விழுகிறது. உடைந்த மதுப்பாட்டில் யானையின் பாதத்தைக் காயப்படுத்துகிறது. குப்பை போடாதீர் என்னும் அறிவிப்புப் பலகைகள் மலைப்பாதை நெடுகிலும் நின்றும் பாட்டில்கள் குறையவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டையடுத்து, 2022 மே மாதம் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் புதிய நடைமுறை வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்ததும் அத்தொகை மீள வழங்கப்பட்டது. காலிப் பாட்டில்கள் பெருமளவில் கடைகளுக்குத் திரும்பின. திட்டம் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குடிப்பவரின் பண்பு ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. மாறியது ஏற்பாடு: பாட்டிலுக்கு ஒரு விலையும், திரும்பிச் செல்ல ஓர் இடமும், அதைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்ட ஒருவரும் கிடைத்தனர்.

தனிமனித ஒழுக்கமே அடிப்படை என்று வாதிடுவோர்க்கு இத்திட்டம் ஒருவகையில் துணைநிற்கிறது. பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருபவர் தனிமனிதரே. ஆயினும் அவரது செயலுக்கு வழிவகுத்தது நிறுவன ஏற்பாடு என்பதையும் இதே சான்று காட்டுகிறது. இதன் குறையும் கருதத்தக்கது. பாட்டில்களைப் பெற்று, எண்ணி, ஒட்டுத்தாள் சரிபார்த்து, அடுக்கிவைக்கும் வேலை கடை ஊழியர் மீது விழுந்தது. போதிய ஆளும் இடமும் இன்றி இவ்வேலை சுமத்தப்படுவதாக ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சரியான ஏற்பாட்டிலும் சுமை கீழ்நோக்கியே நகர்ந்தது.

4. காட்டின் காவலர் யார்?

காடு குறித்த சட்ட வரலாற்றின் திருப்புமுனை ஒன்றும் நீலகிரியிலேயே தொடங்குகிறது. கூடலூர்ப் பகுதியின் மரவெட்டுக்கு எதிராக 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், யாருடைய உடைமையாயினும் அகராதிப் பொருளில் காடாக உள்ள நிலம் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படும் என 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காடு எது என்பதற்கு இவ்வாணை விடை தந்தது. காட்டில் வாழ்வோரின் உரிமை என்ன என்பதற்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டுவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை அச்சட்டத்தின் முகப்புரை ஒப்புக்கொள்கிறது. அதன் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளிக்கிறது.

இவ்வதிகாரப் பகிர்வின் தேவையைத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி உணர்த்துகிறது. சந்தன மரக் கடத்தலைத் தடுப்பது என்னும் பெயரில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அப்பழங்குடி ஊரில் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரார் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

மரத்தைக் காக்க அனுப்பப்பட்டோருக்கு அதிகாரம் இருந்தது. அதற்கு அவர்கள் விடை சொல்ல 19 ஆண்டுகள் ஆயின. காட்டைக் காப்பது ‘நம்’ கடமை என்று எழுதப்படும்போது அந்த ஊர் அச்சொல்லுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்பதைக் கேட்காத சூழலியல் எழுத்து தன் அடிப்படை வினாவையே தவறவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்றும் ஒரு போக்கைச் சுட்டுகின்றன. உறையில் உற்பத்தியாளரின் கடமை கடைக்காரர்க்கும் நுகர்வோர்க்கும் கைமாறுகிறது. பாட்டிலில் நிறுவனத்தின் கடமை ஊழியரின் கூடுதல் வேலையாகிறது. காட்டில் கடத்தலைத் தடுக்கும் கடமை பழங்குடியினர் மீதான ஐயமாகத் திரிகிறது. ‘நாம்’ என்னும் சொல் இக்கைமாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைக்கிறது.

அச்சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. தெருவும் காடும் பொதுவானவை ஆதலின் அவற்றைப் பேசப் பொதுச்சொல் ஒன்று வேண்டும். ஆனால் அது முடிவுரையில் வரவேண்டிய சொல். அதற்குமுன், உற்பத்தி செய்தவர், ஒப்புதல் அளித்தவர், பயன் பெற்றவர், சுமந்தவர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பெயரிடுவது தமிழ்ச் சூழலியல் திறனாய்வின் கடன். கணக்கு பிரிக்கப்பட்ட பின்னரே பங்கு பேச இயலும்.