கூரைமேல் கரும்பலகை

2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோ தீவையே இருட்டாக்கியது. மலையூர்களுக்கு மின்சாரம் திரும்ப மாதக்கணக்கானது. அப்படியொரு ஊரின் பள்ளிக்கூரையில் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்றிவைக்கும் சோலார் தகட்டைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

கருநீலச் சில்லுகள், அவற்றின்மேல் தலைமுடி போல் வெள்ளிக் கோடுகள். ஒரு சில்லு தருவது அரை வோல்ட்தான். 60 சில்லுகள் கைகோத்தால் 30 வோல்ட். சத்தமில்லை, புகையில்லை. தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 18 பாகையில் இருப்பதால், தெற்குப் பார்த்து ஏறத்தாழ அதே அளவு சாய்த்தால் போதும். தூசியை மழையே கழுவிவிடும். அடுத்த காற்றுக்குப் பிய்ந்து போகாமல் போல்ட்டை முறுக்குவதில்தான் கைத்திறன்.

வகுப்பில் ஒரு கரும்பலகை, கூரையில் ஒரு கரும்பலகை. மேலே வெயில் எழுதுகிறது. கீழே பிள்ளைகள் படிக்கிறார்கள்.