எந்த வட்டாரம்?

கட்டடத்துக்கு ஒரே ஒரு ஆசிரியன்தான் என்று நம்புகிறவர்கள் நம்மில் அதிகம். ஜெஃப்ரி பாவா என்று சொன்னால் போதும், 'வட்டாரத் தன்மை' பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர் இயங்கியது எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற கொழும்பு நிறுவனத்தில். 1923இல் தொடங்கியது. பாவா பங்குதாரரான பிறகும் பலகையில் அந்த வெள்ளைக்காரர்களின் பெயர்தான். 1960களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் பாவாவுடன் பங்குதாரராக இருந்து ஆபீஸையும் நடத்தியவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். பாவா பற்றிய கதையாடல்களில் இவர் ஒரு அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றம் இவர்களுடைய வேலை. சதுப்பை ஏரியாக்கி, நடுவில் செப்புக் கூரைகள். அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் கோட்டே பழைய சிங்கள அரசின் தலைநகர். 'மண்ணின் மரபு' என்று அந்தக் கூரையை மெச்சுகிற விமர்சனம், அந்த மண் யாருடையது என்ற கேள்வியைச் சத்தமில்லாமல் முடித்துவைக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் இதே கூரையின் கீழ் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். பூலோகசுந்தரம் அப்போதும் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்.