காத்திருத்தலின் சித்திரங்கள்

கோடை விடுமுறையில், முந்திரிக்கொட்டை பொறுக்கும் நாள்களில், முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து நாம் வாசித்தது 'பிரைமேட்ஸ்' என்னும் சித்திர நூல். ஜிம் ஓட்டவியானி எழுத, மாரிஸ் விக்ஸ் வரைய, 2013-இல் வெளியானது. ஜேன் குடால், டயன் ஃபாஸி, பிருட்டே கால்டிகாஸ் ஆகிய மூவரின் வாழ்வைச் சொல்வது. ஆங்கில வசனத்தை நாம் தமிழில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் படங்களில் ஆழ்ந்தனர்.

2025-இல் மறைந்த ஜேன், 1960-இல் தம் தாயோடு கோம்பே காட்டுக்குச் சென்றவர். புல்தண்டை நுழைத்துக் கறையான் பிடிக்கும் சிம்பன்சியைக் காண அவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அப்பொறுமையைச் சொற்களைவிடப் படங்களே நன்கு உணர்த்துகின்றன. புனிதர் வரலாறுகளை அற்புதங்களால் நிரப்பியே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. 1985-இல் ருவாண்டாவில் கொலையுண்ட ஃபாஸி, வேட்டைக்காரரோடும் மாடு மேய்ப்போரோடும் கடும்பகை கொண்டிருந்தவர். அம்மலையோரத்து மக்களின் பாடோ நூலில் மங்கலாகவே தெரிகிறது. நெய்வேலிச் சுரங்கத்தால் கூலியும் பெற்று, அதற்கே நிலத்தையும் இழந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது சிறு குறையன்று. "அங்கே மாடு மேய்த்தவர்கள் பிறகு எங்கே போனார்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பக்கங்களைத் திரும்பப் புரட்டினோம், விடை அகப்படவில்லை.