மரம் உடுத்திய ரைபிள்

ஒரு ரம்பமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும், லீ-என்ஃபீல்டு ரைபிள் ஒன்றை ஒழித்துவிடலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய ரைபிள்கள் அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்களுக்கு மான் வேட்டைக்கு லேசான துப்பாக்கி வேண்டும். முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். குழலை மேலே மூடியிருந்த மரத்தைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள். பயனெட் மாட்டும் மூக்கு இரும்பு பழைய இரும்புக் கூடைக்குப் போனது. இன்று அப்படி அறுபட்ட ஒன்றைத் தேடிப்பிடித்து, அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கோலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக ஒரு கைவினைஞன் வருடக்கணக்கில் உழைக்கிறான். கைவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

முழு உருவத்தில் அந்த ரைபிளைப் பார்த்தவர்களுக்குத்தான் அறுபட்டதன் துயரம் புரியும். 1907இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்க் 3 என்ற வடிவம் அது. நீளம் 113 சென்டிமீட்டர், எடை நான்கு கிலோவுக்குச் சற்று முன்பின், மேகசினில் பத்துத் தோட்டாக்கள். மற்ற நாட்டு ரைபிள்களில் குழல் மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இதில் குழலின் வாய் வரைக்கும் மரம் ஓடி, மொண்ணையான ஓர் இரும்பு மூக்கில் முடிகிறது. குறிமுள்ளின் இருபுறமும் இரண்டு இரும்புக் காதுகள். அழகுக்காக எவரும் செய்ததல்ல. சூடான குழல் கையைச் சுடக் கூடாது, குறிமுள் எதிலும் இடித்து வளையக் கூடாது என்ற தேவைகள் சேர்ந்து அந்த வடிவத்தை உண்டாக்கின. தேவையிலிருந்து பிறந்த வடிவங்களுக்கு உள்ள கம்பீரம் அதற்கு உண்டு.

எங்கோ நடக்கும் கைவேலை, மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தமிழனுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். இந்த ரைபிள் எங்கள் ரப்பர்த் தோட்டங்களின் வழியாக நடந்து போயிருக்கிறது, ஒரு முறையல்ல. 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்கப் படையினர் வந்தார்கள். சூட்டில் தமிழர்கள் மடிந்தார்கள். அடுத்த ஜனவரியில் ஜப்பானியப் படகுகள் கோலசிலாங்கூர்க் கரையை நெருங்கியபோது எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய்களின் தோளில் தொங்கியது த்ரீ நாட் த்ரீ என்றழைக்கப்பட்ட இந்த ரைபிள்தான். சிங்கப்பூர் வீழ்ந்த பின் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் ஆயுதங்களில் ஒரு பங்கு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய, அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படை முகாமில், முந்தைய மாதம் வரை பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் நின்றார்கள். ஆள் உயரத்துக்கு முக்கால் பங்கு வரும் ரைபிளைத் தோளில் சாத்தி அணிவகுத்தார்கள்.

பிறகு 1948 ஜூன். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று எல்லாத் தோட்டங்களிலும் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, பக்கத்தில் ‘எஸ்.சி.’ என்று நாங்கள் அழைத்த சிறப்புக் காவலர் ரைபிளோடு நிற்பார். துரையின் பங்களாவுக்கு ஒருவர், ஸ்டோருக்கு ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 12இல் இதே வட சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். 1960 ஜூலை 31 வரை இந்த மண் துப்பாக்கியின் பார்வையில்தான் இருந்தது. எங்களைச் சுட்டதும், நாங்கள் ஏந்தியதும், எங்களுக்குக் காவல் நின்றதும் ஒரே குடும்பத்து ஆயுதம். அதைப் பாதியாக அறுத்து, மினுக்கி, பெயரை அழித்து வைத்தால் ஒரு சாட்சி குறைகிறது. அதனால்தான் அதன் உருவத்தை மீட்பவனை நான் மதிக்கிறேன்.

வேலை தொடங்குவது கையில் அல்ல, கண்ணில். நல்ல கைவினைஞன் முதலில் குழலைப் பார்ப்பான். குழலையே வெட்டியிருந்தால் பெரும்பாலும் கைவிட்டுவிடுவான். மரம் மட்டும் போயிருந்தால் நம்பிக்கை உண்டு. அடுத்து எழுத்துகளைப் படிப்பான். அடிக்கட்டை சேரும் இரும்பின் வலப்பக்கத்தில் கிரீடமும் மன்னரின் முதலெழுத்தும் தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். இங்கிலாந்தின் என்ஃபீல்டா, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ.வா, ஆஸ்திரேலியாவின் லித்கோவா, வங்காளத்தின் இச்சாப்பூரா என்பது தெரிந்தால்தான் எந்த மரத்தைத் தேடுவது என்று தெரியும். என்ஃபீல்டுக்கு வால்நட். லித்கோவுக்குப் பெரும்பாலும் குவீன்ஸ்லாந்து மேப்பிள் அல்லது கோச்வுட். இச்சாப்பூர் கட்டையில் முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகு ஓடும். அந்தத் திருகின் தலையைக் கண்டதுமே இது இந்தியக் கைபட்டது என்று சொல்லிவிடலாம். லித்கோவின் கோச்வுட் கட்டைகளில் அதே கவலைக்கு வேறு மருந்து: உதை விழும் இடத்தில் இரண்டு செப்புத் தகடுகள். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுப் பட்டறைகள் தங்கள் மரத்தின் குணத்துக்கு ஏற்ப யோசித்திருக்கின்றன.

கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அடிக்கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரம். அது முன்கட்டைக்குள் உள்ள ஒரு தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை சுழன்று முன்கட்டையின் பின்பாகத்தைப் பிளந்துவிடும். நூற்றாண்டு தாங்கிய எத்தனையோ கட்டைகள் இந்த ஒரு திருப்பில் போயிருக்கின்றன. வடிவமைத்தவன் மனதில் இருந்த வரிசையைப் புரிந்துகொண்டவனுக்கு மட்டுமே இந்த ரைபிள் ஒழுங்காகப் பிரியும்.

இனி மரம். அறுபட்ட முன்கட்டையை அப்படியே தூக்கிப் போட்டு முழுக்கட்டை ஒன்றைப் பொருத்துவது ஒரு வழி. சுலபமானது, பலர் செய்வது. இன்னொரு வழி, அறுபட்ட இடத்தில் வேறொரு சேதமான கட்டையின் முன்பாதியை ஒட்டுவது. நடுவில் கட்டையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் உண்டு. ஒட்டு அந்த வளையத்துக்குக் கீழே விழும்படி வெட்ட வேண்டும். இரண்டு துண்டின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும், நிறம் ஒத்துப்போக வேண்டும். நான் இந்த இரண்டாம் வழியின் கட்சி. பழைய கட்டையில் தொடர் எண் இருக்கும், ஆய்வாளர் முத்திரை இருக்கும், எந்தக் கையோ பல ஆண்டு பிடித்துத் தேய்த்த வழவழப்பு இருக்கும். பாதி உயிரோடிருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு முழுசாக இரவல் வாங்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பொருத்துவதுதான் இந்தக் கலையின் உச்சம். சுடும்போது பின்னோக்கி வரும் உதையை முன்கட்டையின் பின்முனையில் உள்ள இரண்டு சிறு மரத்தோள்கள் தாங்குகின்றன. அவை இரும்போடு இருபுறமும் சமமாக ஒட்ட வேண்டும். ஒன்று முந்தினால் கட்டை பிளக்கும். இரண்டும் தளர்ந்தால் குறி அலையும். இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் பொருத்தி எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் கறுப்புப் படிந்திருக்கும். அதை உளியால் ஒரு மயிரளவு சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி பொருத்தல், மறுபடி சீவல். பால் மரம் வெட்டுகிறவரின் கைதான் எனக்கு இங்கே நினைவு வரும்: கத்தி உள்மரத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம், தொடாமல் எட்டி நின்றால் பால் இறங்காது; அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பட்டையில்தான் அவர் பிழைப்பு. முன்முனையில் ஒரு சிறு வில்லும் அதன் மேல் ஒரு குமிழும் குழலை மெல்ல மேலே தள்ளிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக அமைந்தால், குழலின் வாயை விரலால் அழுத்தும்போது கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழும். மூக்கு இரும்பில் அது இறுகிப்போயிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

மேற்பூச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கட்டை புதிதாகும், முத்திரைகள் போய்விடும். அமுங்கிய பள்ளத்துக்கு ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் போதும்; ஆவி ஏறி நசுங்கிய நார்கள் தாமாக எழும். எழாத பள்ளத்தை விட்டுவிட வேண்டும். வார்னிஷ் கூடவே கூடாது. ராணுவம் தடவியது ஆளிவிதை எண்ணெய். அது மெல்ல உலரும். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். இரும்பைப் பளபளவென்று மெருகேற்றி ஆழ்ந்த நீலம் பூசுவதும் அதே குற்றம்தான். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ மெருகுச் சக்கரத்தில் வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

எது அதன் ‘உண்மையான’ நிலை என்பதுதான் இந்தக் கலையில் கடினமான கேள்வி. இச்சாப்பூர் தொழிற்சாலையே தன் ரைபிள்களில் ஒரு பகுதியை மாற்றியது. குழலின் சுழல்வரிகளை எடுத்து வழவழப்பாக்கி, .410 அளவில் காவல்துறைக்கான மஸ்கட் ஆக்கியது. த்ரீ நாட் த்ரீயின் தோட்டாக்கூட்டையே கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டு அதற்கான தோட்டா செய்தார்கள். மேகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்தார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியனின் கையில் ராணுவத்துக்கு நிகரான துப்பாக்கியைத் தர அஞ்சிய ஆட்சியின் புத்தி அந்த மரக்கட்டையில் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்து, புதுக்குழல் போட்டுப் போர் ரைபிளாகத் திருப்புகிறவர்கள் உண்டு. அது மீட்பல்ல, இன்னொரு அழிப்பு. வேட்டைக்காரன் ரம்பம் போட்டதை நீக்கலாம். அரசாங்கப் பட்டறை மாற்றியதைத் தொடக் கூடாது. எறிகுண்டு வீசுவதற்காக முன்கட்டையில் கம்பி சுற்றிய இந்திய ரைபிள்களுக்கும் இதே விதி. அந்தக் கம்பி கழற்ற வேண்டிய அழுக்கல்ல, அதன் பணிப்பதிவு.

மலாயாவோடு பெயர் ஒட்டிக்கொண்டது மற்றொன்று, நம்பர் 5. காட்டுப் போருக்கென்று 1944 முதல் 1947 வரை லிவர்பூலுக்கு அருகிலுள்ள ஃபசாக்கர்லியிலும் பி.எஸ்.ஏ.வின் ஷெர்லி ஆலையிலும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் செய்தார்கள். குட்டைக் குழல், முனையில் தீப்பொறியை மறைக்கும் புனல், அடிக்கட்டையில் ரப்பர்த் தகடு. முதல் வருடத்தில் செய்தவற்றில் நம் ரப்பர் இருந்திருக்காது. அப்போது மலாயா ஜப்பானியர் கையில். இந்த நம்பர் 5க்குப் போலிகள் ஏராளம். பெரிய நம்பர் 4 ரைபிளைக் குறுக்கிப் புனல் மாட்டி ‘ஜங்கிள் கார்பைன்’ என்று அமெரிக்க வியாபாரிகள் விற்றார்கள். அசலில் எடை குறைக்கக் குழலின் அடியிலும் உடலிலும் இரும்பைக் கடைந்து எடுத்திருப்பார்கள். போல்ட்டின் குமிழைக்கூடக் குடைந்திருப்பார்கள். போலிக்காரன் வெளியே தெரிவதை மட்டும் செய்வான், உள்ளே கடைய மாட்டான். அதனால் மீட்பவனுக்கு ஒரு கடமை இருக்கிறது என்பேன்: மரத்துக்கு அடியில், கழற்றினால் தெரியும் இடத்தில், தான் செய்ததையும் ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும். எழுதாத மீட்பு நாளைக்குப் போலியின் பக்கம் சாய்ந்துவிடும்.

மலேசியாவில் இந்த வேலையை வீட்டில் வைத்து யாரும் செய்ய முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதைவிடக் கடுமையான 1971ஆம் ஆண்டு சுடுகருவிச் சட்டமும் அப்படி. அவசரகாலத்தைக் கடந்து வந்த நாடு அப்படி இருப்பதில் எனக்குக் குறையில்லை. நமக்கு வாய்த்தது கண் மட்டும். புக்கிட் மெலாவத்தி ஏறிப் பீரங்கியோடு படம் பிடித்துக்கொள்கிற நம்மவர்கள் கோலாலம்பூர் காவல்துறை அருங்காட்சியகத்துக்கும் போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போக வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று முதலில் வலப்பக்க இரும்பில் ஆண்டையும் ஆலையையும் தேடுங்கள். கட்டையில் குறுக்குத் திருகு இருக்கிறதா பாருங்கள். போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா, மூக்கு இரும்பு குழலை விட்டுச் சற்றே விலகி நிற்கிறதா, அடிக்கட்டையின் ஓரத்தில் தேய்மானம் எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். வலக்கைக்காரர் தோளில் மாட்டியது ஒரு மாதிரித் தேயும், சுவரில் சாத்தியே நின்றது வேறு மாதிரித் தேயும். தோட்டத்து எஸ்.சி.க்களின் ரைபிள்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இரவு முழுக்க ஸ்டோர் வாசலில் நின்றவை அவை.